ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு?

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கு வேண்டியதில்லை. அங்கத்தினர் பதிவேட்டில் நானூறு பெயர்களுக்கு மேல் இருந்தன. கோரத்துக்கு வேண்டிய கையொப்பங்களும் குறைவின்றி இருந்தன. ஆயினும் கையொப்பம் இட்ட கையோடு பலர் தறிக்குத் திரும்பிவிட்டார்கள்; தறி நின்றால் அன்றைய கூலி நின்றுவிடும் என்பதால் அவர்களைக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. ஆண்டறிக்கை, தணிக்கைக் குறிப்பு, வரவு செலவு எல்லாம் வாசிக்கப்பட்டன. கடைசியாக 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு தீர்மானங்கள் வந்தன. ஒன்று, துறையின் அனுமதிக்கு உட்பட்டு ஊழியர் சம்பளத்தை உயர்த்துவது; மற்றொன்று, நிர்வாகக் குழுவினரின் அமர்வுப்படியை உயர்த்துவது. இவை வாசிக்கப்பட்டபோது தேநீரும் வடையும் வந்து சேர்ந்தன.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார்.

"தம்பி, மாசத்துக்கு இவ்வளவு, கூட்டத்துக்கு இவ்வளவுன்னு சொல்றீங்க. வருசத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?"

செயலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார். ஆனால் மாதத் தொகையையே மறுபடியும் சொன்னார்.

"அது எனக்கும் கேட்டுதுங்க தம்பி. வருசத்துக்கு எவ்வளவு?"

"அதையெல்லாம் ஆடிட்ல பார்த்துக்குவாங்க ஐயா, உட்காருங்க" என்று முன்வரிசையிலிருந்து எவரோ சொன்னார்கள். தீர்மானங்கள் நிறைவேறின.

அத்தீர்மானங்களில் சட்டப் பிழை எதனையும் நாம் காணவில்லை. தொகையும் பெரிதன்று. ஆயினும் அம்முதியவர் விடை பெறாமல் உட்கார்ந்த காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில், அதே கேள்வியைக் கேட்டு, பொய் விடை பெற்றுத் திரும்பிய ஒரு மனிதரின் கதையை நாம் முன்னரே படித்திருந்தோம். அது நடந்தது நம் நாட்டில் அன்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டத்திலுள்ள பெல் என்னும் சிறு நகரில். பொதுப் பணத்திலிருந்து ஊதியம் பெறுவோரின் ஊதியத்தை யார், எங்கே, எவர் முன்னிலையில் நிர்ணயிக்கிறார்கள் என்ற விஷயத்தில் அவ்வூர் கற்றுத் தருவது ஏராளம். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறோம்.

பெல் நகரம் பரப்பில் மூன்று சதுர மைல்கூட இராது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கட்டொகை 35,477. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஸ்பானிய மொழி வழியினர். பெரும்பாலோர் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்துப் பிழைப்பவர்கள். குடியுரிமை பெறாமையால் வாக்குரிமை இல்லாதவர்களும் அவர்களிடையே பலர். வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவன் நகர்மன்றக் கூட்டத்தை எட்டிப் பார்ப்பதில்லை. இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

அமெரிக்கச் சிறு நகரங்களின் நிர்வாக அமைப்பு நம் அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கக் கூடியதே. மக்கள் ஐந்து பேரை நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் சம்பளம் கொடுத்து ஒரு நிர்வாக அதிகாரியை அமர்த்துகிறார்கள். நம் நிர்வாகக் குழுவும் செயலாளரும் போலத்தான். அதிகாரியின் சம்பளத்தை மன்றம் நிர்ணயிக்கிறது. மன்றத்தாரின் படியை யார் நிர்ணயிப்பது என்பதில்தான் சிக்கல். தன் கூலியைத் தானே எழுதிக்கொள்ள எவனையும் விடலாகாது என்பதை அம்மாநிலச் சட்டமும் உணர்ந்தே இருந்தது.

கலிபோர்னியாவில் நகரங்கள் இரு வகை. மாநிலத்தின் பொதுச் சட்டத்தால் ஆளப்படுபவை ஒரு வகை. தமக்கென ஒரு சாசனம் வகுத்து, அதை மக்கள் வாக்கினால் நிறைவேற்றிக்கொண்டவை மற்றொரு வகை. பொதுச் சட்ட நகரங்களில் மன்ற உறுப்பினரின் ஊதியம் மக்கட்டொகையைப் பொறுத்தது. பெல் அளவுள்ள நகருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400 டாலர் என்று நெடுங்காலம் இருந்தது. ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேற்படாமல் மன்றம் அதை உயர்த்தலாம். ஆனால் உயர்த்திய தொகை உடனே கைக்கு வாராது. உறுப்பினர் ஒருவரேனும் புதிய பதவிக்காலம் தொடங்கிய பின்னரே நடைமுறைக்கு வரும். அதாவது, இடையில் ஒரு தேர்தலையாவது சந்தித்தாக வேண்டும். எளிய விதிதான், எனினும் இதைவிடச் சிறந்த காவலை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ஊழியர்களின் சம்பளத்துக்கு வேறு முறை. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு விகிதம், அதில் படிப்படியான உயர்வுகள், அக்கம்பக்கத்து நகரங்களில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்ற ஒப்பீடு, 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சங்கத்தோடு பேச்சு வார்த்தை, இறுதியில் மன்றம் வெளிப்படையாகக் கூடி நிறைவேற்றும் ஒரு சம்பளப் பட்டியல். அப்பட்டியல் எவரும் கேட்டுப் பார்க்கத்தக்க பொது ஆவணம். இவ்வளவும் ஏட்டில் இருந்தன. இவை அனைத்தையும் சுற்றிக்கொண்டு போக பெல் நகரத்தார் ஒரு வழி கண்டார்கள்.

பொதுச் சட்ட நகரங்களின் மன்றத்தார் வாங்கும் படிகளுக்கு 2005ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் மேலும் ஒரு வரம்பு கட்டியது. அதே ஆண்டு நவம்பரில் பெல் நகரம் ஒரு தனி வாக்கெடுப்பு நடத்தியது. நகரம் தனக்கென ஒரு சாசனம் பெற வேண்டுமா என்பதே கேள்வி. உறுப்பினரின் ஊதியம் இதனால் வரம்பின்றி உயரக் கூடும் என்ற சொல் வாக்குச் சீட்டில் இல்லை. வேறு தேர்தல் எதுவும் உடன் நடவாத நாள். முப்பத்தையாயிரம் பேர் வாழும் ஊரில் வாக்களித்தவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. சாசனம் நிறைவேறியது, வரம்புகள் நீங்கின.

நிற்க, மன்றத்தார் தம் ஊதியத்தை நேராக உயர்த்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரின் குப்பை அகற்றல், வீட்டுவசதி, உபரிச் சொத்து, நிதி ஆகியவற்றுக்கெனத் தனித்தனி வாரியங்கள் இருந்தன. அவற்றின் அங்கத்தினர்களும் இதே ஐவர்தாம். ஒவ்வொரு வாரியத்துக்கும் மாதம் 1,500 டாலருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் படி. வாரியங்கள் கூடினவா? மன்றக் கூட்டத்தின் நடுவிலேயே கூடி, சில நிமிடங்களில், சிலபோது ஒரே நிமிடத்தில், கலைந்தன. கூடாத காலத்துக்கும் படி நிற்கவில்லை. இவ்விதம் மாதம் சில நூறு டாலர் பெற வேண்டிய பகுதிநேர உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 97,000 டாலர் பெற்றார்கள். ஒரு கூட்டத்தை நான்காக எழுதி நான்கு படி வாங்கும் வித்தை கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணவில்லை. தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பழகியவர்கள் நாம்.

இனி நிர்வாக அதிகாரியின் கதை. ராபர்ட் ரிஸ்ஸோ என்பவர் 1993இல் ஆண்டுக்கு 72,000 டாலர் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். 2010இல் அவருடைய சம்பளம் 7,87,637 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். பதினேழு ஆண்டுகளில் ஏறக்குறைய 11 மடங்கு. அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளமே 4,00,000 டாலர்தான். விடுப்புக்கு ஈடான தொகை முதலியவற்றையும் சேர்த்தால் ரிஸ்ஸோவுக்கு நகரம் ஆண்டுக்குச் செலவிட்டது பதினைந்து லட்சம் டாலர் என்று பின்னர் தெரிய வந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஜூலை மாதமும் 12 சதவீத உயர்வு தானாகவே வரும்படி எழுதியிருந்தது. 12 சதவீதம் என்றால் கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது; ஆறு ஆண்டுகளில் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஒரு முழம் துணிக்குச் சில காசு கூலி உயர்வு பெற நம் நெசவாளர்கள் எத்தனை முறை மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

அவருடைய துணை அதிகாரி ஆஞ்செலா ஸ்பாச்சியாவுக்கு 3,76,288 டாலர். காவல் துறைத் தலைவர் ராண்டி ஆடம்ஸுக்கு 4,57,000 டாலர். அது பல லட்சம் மக்களைக் காக்கும் லாஸ் ஏஞ்சலீஸ் மாநகரக் காவல் தலைவரின் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

இவ்வளவும் எவர் கண்ணிலும் படாமல் போனது எவ்வாறு? இங்கேதான் நம் முதியவரின் கேள்வி வருகிறது. ஆடம்ஸின் ஒப்பந்தத்தில் ஆண்டுச் சம்பளம் எழுதப்படவில்லை. ஒரு 'சம்பளக் காலத்துக்கு' இவ்வளவு என்று மட்டும் இருந்தது. சம்பளக் காலம் என்பது எத்தனை நாள் என்பதற்கு விளக்கமும் இல்லை. எவரேனும் உட்கார்ந்து ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிடாதபடி வேண்டுமென்றே அவ்வாறு எழுதியதாக ஸ்பாச்சியா ஆடம்ஸுக்குக் கணினி வழிக் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதம் பின்னர் வழக்கில் சான்றாக வந்தது. ரிஸ்ஸோவின் ஒப்பந்தமோ 2008இல் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, நகரின் வெவ்வேறு அமைப்புகளின் பெயரில் எழுதப்பட்டது. ஒவ்வொரு துண்டும் தனியே பார்த்தால் ஒரு சம்பளம் போலிருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கூட்டினால்தான் உண்மை விளங்கும். இவை மன்றத்தில் முறைப்படி வெளிப்படையாக ஒப்பப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு.

ஆயினும் ஒருவர் கேட்டார். ஊரில் உலவிய பேச்சைக் கேள்வியுற்று, 2008இல் நகரவாசி ஒருவர் நகர அலுவலகத்துக்குச் சென்று, மன்றத்தாருக்கும் அதிகாரிக்கும் என்ன சம்பளம் என்று முறைப்படி விண்ணப்பித்தார். அவரிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். மன்ற உறுப்பினருக்கு மாதம் 673 டாலர். ரிஸ்ஸோவுக்கு மாதம் 15,478 டாலர். இரண்டும் பொய். அவர் அதை நம்பி வீடு திரும்பினார். அலுவலகம் கொடுத்த தாளை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அப்பொய்த் தாள் பின்னாளில் வழக்கில் ஒரு தனிக் குற்றமாயிற்று. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு செல்ல வேண்டியிருந்தது. 2010இல் 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் ஆகிய இருவர், பக்கத்து நகரமான மேவுட் தன் ஊழியர்களை நீக்கிவிட்டு நகரப் பணிகளை பெல் நகரிடம் ஒப்படைப்பதைப் பற்றி விசாரிக்கப் போனார்கள். போன இடத்தில் பெல் மன்றத்தாரின் படிகளைப் பற்றி அரசு வழக்கறிஞர் விசாரிப்பதாகத் தெரிந்தது. பொது ஆவணச் சட்டத்தின்படி ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கினார்கள். தாள்களை வைத்துக்கொண்டு கூட்டினார்கள். ஜூலை நடுவில் செய்தி வெளிவந்தது. ஒரு வாரத்துக்குள் மூன்று அதிகாரிகளும் பதவி விலகினார்கள். அச்செய்தித்தாளுக்கு 2011இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஊர் மக்கள் கொதித்தெழுந்து ஒரு சங்கம் கண்டார்கள். அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாஸ்தா' என்று வரும். ஸ்பானிய மொழியில் 'போதும்' என்பது அதன் பொருள். இப்பணம் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியும் தொடங்கியது. ஓய்வூதியச் செலவுக்கென்று சொத்து வரியைச் சட்ட வரம்புக்கு மேல் உயர்த்தி, ஏறக்குறைய 30 லட்சம் டாலர் கூடுதலாகத் தண்டியிருந்ததை மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங் கண்டறிந்தார். அந்த ஏழை ஊரின் சொத்து வரி விகிதம் செல்வர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸின் விகிதத்தைவிட உயர்ந்திருந்தது. உரிமம் இன்றிக் கார் ஓட்டியவர்களின் வண்டிகளைப் பிடித்து வைத்து, விடுவிக்க 300 டாலர் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தில் அதைப் போல மூன்றில் ஒரு பங்குதான். தினக்கூலிக்காரனின் வண்டி பிடிபட்டால் மறுநாள் வேலைக்குப் போக வழியில்லை. பெரிய சம்பளம் என்பது காற்றிலிருந்து வருவதில்லை. யாரோ ஒருவனின் வண்டி நின்று போயிருக்கிறது.

2011 மார்ச்சில் மக்கள் வாக்களித்துப் பழைய மன்றத்தாரை நீக்கினார்கள். 2013இல் முன்னாள் உறுப்பினர் அறுவர் மீது நடந்த விசாரணையில் ஐவர் சில குற்றங்களுக்கு உள்ளானார்கள்; ஒருவர் முற்றிலும் விடுதலை பெற்றார். 2014 ஏப்ரலில் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனையும், 88 லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்தும் கட்டளையும் விதிக்கப்பட்டன. ஸ்பாச்சியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம். ஆடம்ஸ் மீது குற்ற வழக்கு இல்லை. ஆனால் பெல் நகரச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து ஓய்வூதியம் கேட்டபோது அவருக்கு அது மறுக்கப்பட்டது. அச்சம்பளம் பொதுமக்கள் பார்க்கத்தக்க எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது ஒரு காரணம். மறைத்து வாங்கிய சம்பளம் ஓய்வூதியத்துக்கு உதவாமற் போயிற்று.

ஒரு சிறு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஊழல் வெளிப்பட்ட நாளில் மன்றத்தில் ஐவர் இருந்தார்கள் அல்லவா? அவர்களில் லொரன்சோ வேலஸ் என்பவர் 2009இல் நியமனமாகி வந்தவர். அவருக்கு மட்டும் மாதம் 673 டாலரே கொடுக்கப்பட்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர்கள் தம்மைப் போலப் பன்னிரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்பது அவருக்கே தெரியாதாம். அவர் மீது வழக்கில்லை. நகரவாசிக்குக் கொடுத்த பொய்த் தாளில் இருந்த அதே தொகையை உண்மையாகவே வாங்கியவர் அவர் ஒருவரே.

இதன் பின்னர் மாநிலம் சில காவல்களை அமைத்தது. எல்லா நகரங்களும் மாவட்டங்களும் தம் ஊழியர், உறுப்பினர் சம்பளங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று கணக்கு அதிகாரி 2010இலேயே கட்டளையிட்டு, அவற்றை எவரும் பார்க்கும்படி வெளியிடலானார். 2011ஆம் ஆண்டுச் சட்டம், தலைமை அதிகாரிகளின் சம்பளத்தை முடிவு செய்ய அவசரக் கூட்டமாகச் சிறப்புக் கூட்டம் கூட்டலாகாது என்றது. வழக்கமான கூட்டத்தில், வழக்கமான அறிவிப்போடு மட்டுமே அதைச் செய்யலாம். விலைவாசி உயர்வுக்கு மேற்பட்ட தானியங்கி உயர்வுகளை அவர்களின் ஒப்பந்தங்களில் எழுதவும் தடை வந்தது. சாசனத்துக்கு வாக்கெடுத்தால், மன்றத்தார் தம் ஊதியத்தைத் தாமே உயர்த்தும் அதிகாரம் அதனால் வருமா என்பதை வாக்குச் சீட்டிலேயே சொல்ல வேண்டும் என்றும் ஆயிற்று.

இவ்வளவும் படித்தவர்கள், பொதுப் பணிக்கு ஊதியமே கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஊதியமில்லாத பதவிக்கு வசதி படைத்தவனும் வேறு வழியில் எடுத்துக்கொள்பவனும்தான் வருவார்கள். தறி நெய்பவனும் கூலிக்கு ஏர் பிடிப்பவனும் வர முடியாது. கலிபோர்னியாவும் இதை உணர்ந்து 2024 முதல் பொதுச் சட்ட நகர உறுப்பினரின் அடிப்படை ஊதியத்தை உயர்த்தியது. பெல் அளவுள்ள நகருக்கு 400 டாலராக இருந்தது 1,275 டாலர் ஆயிற்று. நம் மாநிலத்தில் இத்தொகையை அரசே நிர்ணயிக்கிறது. 2023 ஜூலை முதல் நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாய், உறுப்பினருக்கு 5,000 ரூபாய், பேரூராட்சித் தலைவருக்கு 10,000 ரூபாய், உறுப்பினருக்கு 2,500 ரூபாய் என மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. தொகை போதுமா என்பதைப் பற்றி இரு கருத்து இருக்கலாம். எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் சங்கத்து முதியவரிடம் திரும்புவோம். அக்கூட்டம் முடிந்த பின் செயலாளரிடம் தனியே பேசினோம். அவர் நேர்மையானவர், மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை, கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லாததால் சொல்லவில்லை, அவ்வளவே. பெல் நகரத்துக் கதையை அவருக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அமர்வுப்படி, பயணப்படி, சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து எத்தனை பக்கம் ஆகும் என்று கேட்டார். ஒரே பக்கம் போதும் என்றோம்.

இவ்வாண்டு மகாசபை நோட்டீசுடன் அந்த ஒரு பக்கம் தைத்து வந்திருந்தது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஓராண்டில் கொடுத்த தொகை, அடியில் மொத்தம். முதியவர் அன்றும் பின்வரிசையில்தான் இருந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூல் சிட்டத்தை எண்ணி வாங்குவது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கூட்டினார். சற்று நேரம் ஆயிற்று. தலைவர் காத்திருந்தார்.

"கணக்குச் சரிதாங்க" என்றார். "ஆனா போன மாசம் குடுத்த பாவு நூல் மட்டம். அதை எப்போ எடுத்துப் பேசப் போறீங்க?"

அது நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளாக இருந்தது. அதை முதலில் எடுத்துக்கொள்ளத் தலைவர் இசைந்தார்.